கடலோரச் சிற்றூரின் கழிவுநீர்: எதுவரை சுத்திகரிப்பது, யார் நடத்துவது?

சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் எழுந்த குடியிருப்புகளில் மூன்று சென்ட் மனை சகஜம். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 36 அடி வரும். அதற்குள் வீடு, துவைகல், ஒரு அடிபம்பு, பின்மூலையில் கழிப்பறை. கழிப்பறைக்குப் பின்னால் நான்கைந்து சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கி, மேலே மூடி போட்டிருப்பார்கள். ஊரில் அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர். ஆனால் அதற்கு அடித்தளம் கிடையாது. நீர் நேராக மணலுக்குள் இறங்கிவிடும். இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி, கழிவுநீரை மண்ணுக்குள் விடும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 59 அடி, தள்ளியிருக்க வேண்டும். இந்த மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 51 அடிதான். தன் வீட்டுக் குழியிலிருந்து விலகி அடிபம்பை எங்கே போட்டாலும் அது அடுத்த வீட்டுக் குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று மேலேறும். கடலோர மணலில் சில இடங்களில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே நீர் தெரியும். அப்போது உறைகளின் கீழ்ப்பாதி நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கிறது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் வடிகட்டுவதற்கென்று உலர்ந்த மண் எதுவும் மிஞ்சுவதில்லை.

வீட்டுக்கு வீடு கழிப்பறை வேண்டும் என்பதற்காகக் கடந்த பத்தாண்டுகளில் பெரும் பணமும் உழைப்பும் செலவாகியிருக்கின்றன. அது வேண்டிய வேலைதான். அதற்கு அடுத்த கேள்வியைத்தான் நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். கிணற்றை நம்பி வாழும், மணல் மேல் உட்கார்ந்திருக்கும், ஆயிரம் இரண்டாயிரம் பேர் கொண்ட ஒரு கடலோர ஊர் தன் கழிவுநீரை எதுவரை சுத்திகரிக்க வேண்டும்? எந்த வழியில்? யார் கையால்? உலகின் பல கடலோரங்களில் இதே கேள்வியோடு மக்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அந்த அனுபவங்களையும் நம் கையில் உள்ளவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க்கூடச் செய்வது பாதி வேலைதான். கனமானவை அடியில் தங்குகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கின்றன, நடுவில் உள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் ஏறக்குறைய அப்படியே அம்மோனியாவாக வெளியே போகிறது. காற்றோட்டமுள்ள மணலில் இறங்கியதும் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். பாஸ்பரஸை மண்ணிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் பல ஆண்டுகள் பிடித்து வைத்திருக்கும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது. இந்த வரம்பு கைக்குழந்தைகளை மனதில் வைத்து வந்தது. 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதைக் கவனித்து எழுதினார். நைட்ரேட் மிகுந்த நீரால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் குறையாது, நீர் வற்றுவதால் அதன் அடர்த்தி சற்றே கூடவும் செய்யும். குழந்தைக்குக் கொடுக்கிற தண்ணீரைப் பொறுப்போடு காய்ச்சித் தருகிற தாய்க்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

கிணற்றைத் தாண்டி அந்த நைட்ரஜன் கழிமுகத்துக்கும் உப்பங்கழிக்கும் போகிறது. ஏரி, குளங்களில் பாசியின் பெருக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ். கடலோர நீரில் கதை வேறு என்பதை வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் ஜான் ரைதரும் வில்லியம் டன்ஸ்டனும் 1971-இல் காட்டினார்கள். நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் விரிகுடாக்களில், வாத்துப் பண்ணைக் கழிவு விழும் இடத்தில் அவர்கள் அளந்து பார்த்தபோது, பாசிக்கு முதலில் தீர்ந்துபோகும் சத்து நைட்ரஜன் என்று தெரிந்தது. நைட்ரஜன் கிடைத்தால் பாசி பெருகும், அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீரும், கடற்புல் சாகும், அதில் வளரும் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் போகும். மீனவக் கிராமத்தின் கழிவுநீர் மீனவரின் தொழிலைத் தொடுகிற இடம் இது.

அதனால் கடலோரத்தில் உயர்நிலைச் சுத்திகரிப்பு என்றால் அதற்குத் தெளிவான பொருள் உண்டு. கசடு, கரிமக் கழிவு, கிருமி ஆகியவற்றோடு நைட்ரஜனையும் நீக்குவது. நம் சட்டம் இதில் தயங்கித் தயங்கியே வந்திருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட விதியில் நைட்ரஜனுக்கு வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்ற அளவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. பெருநகர நிலையங்களே இந்த அளவை எட்டத் திணறுகின்றன.

நைட்ரஜனை நீரிலிருந்து எடுப்பது இரண்டு கட்ட வேலை. முதலில் காற்று வேண்டும்: ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். அடுத்து காற்று இல்லாத இடம் வேண்டும்: வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, உயிருள்ள கசட்டை வளர்த்துச் சுத்திகரிக்கும் முறையைக் கண்டார்கள். அதே தொட்டிகளைக் காற்றுள்ளது, காற்றில்லாதது என்று பிரித்து நீரைச் சுற்றிவிட்டால் ரசாயனம் ஏதும் சேர்க்காமல் நைட்ரஜனைப் பெருமளவு நீக்கலாம் என்பதை 1970-களில் தென்னாப்பிரிக்காவில் ஜேம்ஸ் பர்னார்ட் நடைமுறையில் நிறுவினார். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மின்கட்டணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

பாடநூல் கணக்குகள் ஒரு சாதாரண வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 40 முதல் 60 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. அது தாராளமாகத் தண்ணீர் புழங்கும் நாடுகளின் கணக்கு. நம் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டரை இலக்காக வைத்திருக்கிறது. மனிதர் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜன் தண்ணீர் குறைவு என்பதற்காகக் குறையாது. குறைந்த நீரில் செறிந்து வரும். வெளியூர் வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் காற்றும் போதாது, தொட்டியின் கொள்ளளவும் போதாது. நம் கிராமங்களுக்கான திட்ட அறிக்கைகளில் உள்ளூர்க் கழிவுநீரை ஒரு முழு ஆண்டாவது எடுத்துச் சோதித்த விவரம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இனி வழிமுறைகள். எளியதிலிருந்து தொடங்குவோம்.

நாணலும் கோரையும் வளர்த்த சரளைப் படுகைகள் வழியாகக் கழிவுநீரைச் செலுத்தும் முறையை ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950-களிலிருந்து ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த பிரெஞ்சு முறை சிற்றூர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. செப்டிக் டேங்க்கூட இல்லாமல், கரடான கழிவை மட்டும் சல்லடையில் பிடித்துவிட்டு, கழிவுநீரை நாணல் படுகையின் மேல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுவார்கள். ஒரு படுகைக்கு நீர், மற்றவற்றுக்கு ஓய்வு. கசடு மேலேயே தங்கி மட்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அள்ளினால் போதும். பிரான்சில் இப்போது ஆயிரக்கணக்கான கிராமங்களில் இது இருக்கிறது. ஆளுக்குச் சுமார் இரண்டு சதுர மீட்டர் இடம் பிடிக்கும். இரண்டாயிரம் பேருக்கு ஒரு ஏக்கர். அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவதில் இது கெட்டி. நைட்ரேட்டை வாயுவாக்க, நீர் தேங்கி நிற்கும் இன்னொரு படுகை சேர்க்க வேண்டும், அல்லது ஒரு பங்கு நீரைத் திருப்பி அனுப்ப வேண்டும். சரிவில்லாத நம் கடற்கரையில் ஒரு சிறு மோட்டார் தவிர்க்க முடியாதது.

கலிபோர்னியாவின் வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டிய ஆர்கேட்டா என்ற சிற்றூர், 1970-களில் அரசு முன்வைத்த பெரிய வட்டாரச் சுத்திகரிப்புத் திட்டத்தை வேண்டாம் என்றது. பழைய குப்பைமேடும் மரக்கட்டைக் குளங்களும் கிடந்த இடத்தில் ராபர்ட் கியர்ஹார்ட், ஜார்ஜ் ஆலன் என்ற பல்கலைக்கழக ஆசிரியர்களின் துணையோடு ஒரு சதுப்பு நிலத்தை உருவாக்கி, 1986 முதல் கழிவுநீரை அதன் வழியே அனுப்புகிறது. இன்று அது பறவைகள் கூடும் இடம். ஆலன் அதற்கும் முன்பே கடல்நீரும் கழிவுநீரும் கலந்த குளங்களில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர். ஆனால் தேங்கிய சதுப்பில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அம்மோனியாவை மாற்றும் வேலை மந்தமாகவே நடக்கும். அழகைப் பார்த்து மட்டும் இதை நகலெடுக்கக்கூடாது.

நமக்கு அருகில், புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர், நாளைக்கு மூன்று லட்சம் லிட்டர் அளவில், 2003 முதல் இவ்வகை அமைப்பில் சுத்தமாகித் தோட்டத்துக்குப் பாய்கிறது. நிலத்தடியில் தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லாத் தொட்டிகள், பிறகு செடிப் படுகை, கடைசியில் குளம். ஆரோவில்லிலும் இப்படிப் பல உண்டு. காற்றில்லாத் தொட்டிகள் கரிமக் கழிவை நன்றாகக் குறைக்கும், மின்சாரம் கேட்காது. நைட்ரஜனை அவை தொடுவதே இல்லை. தோட்டத்துக்குப் போகும் நீருக்கு அது குறையல்ல. கிணற்றுக்குப் பக்கத்து மணலுக்குள் போகும் நீருக்கு அது பெரிய குறை.

மறுபக்கத்தில் இயந்திர நிலையங்கள். ஒரே தொட்டியில் நிரப்புவது, காற்றூட்டுவது, தெளியவிடுவது, வடிப்பது என்று சுழற்சியில் ஓடும் எஸ்.பி.ஆர்.; கசட்டை நுண்துளைச் சவ்வால் வடிகட்டும் எம்.பி.ஆர். இரண்டாவதிலிருந்து வரும் நீர் கண்ணாடியாக இருக்கும், இடமும் குறைவு. சவ்வு அடைபடும், ரசாயனத்தில் கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். உதிரி பாகம் வர மூன்று மாதம் ஆகிற ஒரு கிராமத்தில் அந்த மூன்று மாதமும் நிலையம் கழிவுநீரை அப்படியே கடத்திவிடும் குழாயாகிவிடுகிறது.

இயந்திர நிலையத்தின் உயிர் ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. காலையில் அவர் செய்யும் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுச் சாடி நிறையக் கலங்கலை மொண்டு மேசைமேல் அசையாமல் வைப்பார். அரை மணி நேரம். பழுப்புக் கசடு மெதுவாகத் திரண்டு கீழிறங்க, மேலே தெளிநீர் பிரியும். கசடு 250 மில்லிக்கோட்டில் நிற்கிறதா, 600-இல் நிற்கிறதா, இறங்கிய கசடு சற்று நேரத்தில் குமிழியோடு மேலே எழும்புகிறதா, தெளிநீரில் துகள் மிதக்கிறதா என்று பார்த்தே காற்று கூட்டுவதா, கசட்டை வெளியேற்றுவதா என்று முடிவெடுப்பார். எழும்பினால் நைட்ரேட் அடியில் வாயுவாகிறது என்று பொருள். அந்தக் குமிழிகள்தான் கசட்டைத் தூக்குகின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். தினமும் பார்த்துப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணுள்ளவருக்கு நாம் கொடுக்கும் சம்பளமும் மரியாதையும் என்ன என்பதைப் பொறுத்தே நிலையம் பத்தாவது ஆண்டில் ஓடுமா என்பது முடிவாகிறது. கைவிடப்பட்ட நிலையங்களின் வரலாற்றைப் பார்த்தால், தவறான தொழில்நுட்பத்தைவிட, ஆள் இல்லாததும் மின்கட்டணம் கட்டாததும்தான் அதிகம் கொன்றிருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கடலோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கல், திடீர்க் கூட்டம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வந்துபோகும் லட்சக்கணக்கானவர்களை நினைத்துப் பாருங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை; நேற்று வரை பத்தாயிரம் பேருக்குப் பழகியவை இன்று பத்து மடங்குக்குத் தயாராகிவிடாது. பெரிய சமன்தொட்டி, உபரியைத் தாங்கும் குளம், திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே கசட்டை வளர்த்துவைக்கும் ஏற்பாடு ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

சுத்திகரிப்பைவிட அதிகப் பணத்தை விழுங்குவது குழாய் பதிப்பது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போவது வழக்கம். மட்டமான மணலில் புவியீர்ப்பால் ஓடும் சாக்கடைக்கு ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டும்போதே ஊற்று பொங்கும். இணைப்புகள் கொஞ்சம் விட்டாலும் உவர்நீர் உள்ளே வரும். அந்த உப்பை எந்த பாக்டீரியாவும் எடுக்காது. கடல்நீரின் சல்பேட் சாக்கடைக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அது கான்கிரீட்டை அரிக்கும். அதே வாயுதான் மேன்ஹோலுக்குள் இறங்கியவரைக் கொல்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆள் இறங்க வேண்டிய தேவையே இல்லாத அமைப்பைத்தான் இனி நாம் புதிதாகக் கட்ட வேண்டும். வீட்டு டேங்கில் கசட்டை நிறுத்திவிட்டுத் தெளிநீரை மட்டும் சிறு குழாயில், ஆழமில்லாமல் கொண்டுபோகும் முறை கடலோரச் சிற்றூருக்கு மிகப் பொருத்தம். குழாய் மெலிது, மேன்ஹோல் ஏறக்குறைய இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: டேங்குகள் அடித்தளத்தோடு, கசிவில்லாமல் இருக்க வேண்டும்.

இனி, இதே கேள்வியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய ஓர் ஊரின் கதை: லாஸ் ஓசோஸ். கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரையில், மோரோ பே கழிமுகத்தின் கரையில், மணல்மேட்டின் மேல் அமைந்த ஊர். பதினாலாயிரம் பேருக்குச் சற்று கூடுதல். நகராட்சி கிடையாது. சின்னச் சின்ன மனைகள், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், குடிக்க நிலத்தடி நீர் மட்டுமே. மேல்மட்ட நீரில் நைட்ரேட் ஏறிவிட்டது. கீழ்மட்ட நீரை அதிகம் இறைத்ததால் கடல்நீர் உள்ளே வரத் தொடங்கியது. 1983-இல் வட்டார நீர்த்தர வாரியம் அங்கே செப்டிக் டேங்க் கழிவை மண்ணில் விடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. 1988 முதல் புதிய கட்டடங்களுக்குத் தடை வந்தது. சாக்கடை இணைப்பு கிடைத்தது 2016-இல்.

அந்த முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கே போயின என்பதை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் திட்டம் விலை அதிகம் என்று மக்கள் 1998-இல் தங்களுக்கென ஒரு சேவை அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். குளங்கள் வழியே மலிவாகச் சுத்திகரிக்கலாம் என்பது அப்போதைய வாக்குறுதி. நைட்ரஜன் அளவைக் கேட்டபோது அது நிற்கவில்லை. பிறகு ஊர் நடுவே நிலையம் கட்ட முடிவாயிற்று. ஊர் நடுவே வேண்டாம், வெளியே போ என்று ஒரு தரப்பு எழுந்தது. 2005-இல் வேலை தொடங்கிய சமயத்திலேயே வாக்கெடுப்பு வைத்து அமைப்பின் மூன்று உறுப்பினர்களைத் திரும்பப் பெற்றார்கள்; புதியவர்கள் வேலையை நிறுத்தினார்கள்; அரசுக் கடன் நின்றது; 2006-இல் அமைப்பு திவாலானது. பொறுமையிழந்த நீர்த்தர வாரியம் 45 வீடுகளைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, கழிவை வெளியேற்றுவதை நிறுத்தும்படி ஆணையிட நடவடிக்கை எடுத்தது. ஊரே செய்கிற ஒன்றுக்கு 45 குடும்பங்களைத் தனியே நிறுத்தித் தண்டிக்கும் இந்த முறையை எந்த நாட்டிலும் யாரும் பின்பற்றக்கூடாது.

2006-இல் மாநிலச் சட்டம் ஒன்றின் வழியாகப் பொறுப்பு மறுபடி மாவட்டத்துக்குப் போனது. 2007-இல் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 25,000 டாலர் என்ற தொகையை ஏற்க மனை உரிமையாளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். இடம் ஊருக்கு வெளியே, விளைநிலங்களின் பக்கம் மாறியது. மொத்தச் செலவு 17 கோடி டாலரைத் தாண்டியது. சண்டையிட்ட ஆண்டுகளில் விலைவாசி ஏறியதற்கும் அந்த மக்களே பணம் கட்டினார்கள்.

ஆனாலும் கடைசியில் கட்டியதில் ஒரு நல்ல சிந்தனை இருக்கிறது. கடலுக்குள் குழாய் போட்டு நீரைத் தள்ளிவிடவில்லை. பழைய செப்டிக் டேங்குகள் அழுக்கு நீரையாவது மணலுக்குள் இறக்கி நிலத்தடி நீரைத் தாங்கிக்கொண்டிருந்தன. அதை மொத்தமாகப் பிடித்துக் கடலில் விட்டால் கடல்நீர் இன்னும் வேகமாக உள்ளே வரும். ஆகவே நைட்ரஜன் நீக்கி, வடிகட்டி, கிருமி கொன்ற நீரை மேட்டுநிலத்தில் புதைத்த துளைக்குழாய்கள் வழியே அதே நிலத்தடிக்குத் திருப்புகிறார்கள்; ஒரு பங்கு பாசனத்துக்குப் போகிறது. சாக்கடையில் இணையும் முன் வீடுகளின் குழாய்களையும் கழிப்பறைகளையும் தண்ணீர் சிக்கனமானவையாக மாற்றச் செய்தார்கள். கழிவுநீர்த் திட்டமும் குடிநீர்த் திட்டமும் ஒன்றேதான் என்று கடலோரத்தில் ஏற்றுக்கொண்டாக வேண்டும். நம் அரசாணைகளில் இவை இரண்டு துறைகள், இரண்டு கோப்புகள்.

அமெரிக்காவின் மறு கரையில், மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பம் வேறு வழியில் போகிறது. பனிப்பாறை விட்டுச்சென்ற மணல், வீடுகளில் பெரும்பான்மை செப்டிக் டேங்க், பாசி மூடிய உப்பங்கழிகள். 2023-இல் மாநிலம் தன் விதியைத் திருத்தியது. ஊர்கள் தங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் நைட்ரஜனைக் குறைக்கும் இருபதாண்டுத் திட்டம் கொடுத்து அனுமதி பெறலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் நைட்ரஜன் நீக்கும் டேங்காக மாற்ற வேண்டும். அங்குள்ள சோதனை மையத்தில் மணலுக்கு அடியில் மரத்தூள் கலந்த அடுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: மேல்மணலில் நைட்ரேட்டாகும், மரத்தூளைத் தின்னும் பாக்டீரியா அதை வாயுவாக்கும். மோட்டார் இல்லாத இந்த வழி நமக்கும் சோதிக்கத் தக்கது. தென்னை நார்க்கழிவு நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை இன்னும் கடினம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே எல்லாத் தேவைக்கும். சுண்ணக்கல்லில் விரிசலும் குகையும் உண்டு; மலசலகூடக் குழியிலிருந்து இறங்கும் நீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு ஓடிவிடும். தோட்டங்களுக்கு இடும் உரமும் அதே நீரில் சேர்வதால் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே உறிஞ்சுகுழி என்ற கருத்தையே கைவிட வேண்டும். மூடிய தொட்டி, ஒழுங்கான கசடகற்றல், பொது நிலையம் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நைட்ரஜனை எப்போதும் எரித்துத் தீர்க்க வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். நம் உணவுப் பழக்கத்தில் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறார்; அதில் பெரும்பகுதி சிறுநீரில். இரண்டாயிரம் பேர் கொண்ட ஊருக்கு 5,400 கிலோ. யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டையில் 260 மூட்டை. மின்சாரம் செலவழித்து இதை வானத்துக்கு அனுப்பிவிட்டு, அதே ஊர் தென்னைக்கும் சவுக்குக்கும் யூரியா வாங்குவது வீண். நாகை மாவட்டத்துக் காமேஸ்வரத்தில் சுனாமிக்குப் பின் சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைகளைக் கட்டினார்கள். ஊற்று மேலாக உள்ள இடத்தில் அது அறிவுள்ள முடிவு. பழக்கம் மாறுவது கடினம் என்பதால் அது பரவவில்லை. தோப்புக்கு நீர் பாய்ச்சலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோப்புக்கு நீர் வேண்டாம், மணல் நனைந்தே கிடக்கும், அப்போது பாய்ச்சியது எல்லாம் நேரே கீழே போகும். கோடையில் நைட்ரஜனை நீரில் விட்டுவைத்துப் பாசனத்துக்குத் தருவது, மழைக்காலத்தில் அதை நீக்கி வெளிவிடுவது என இரண்டு விதமாக ஓட்டக்கூடிய நிலையமே நமக்கு வேண்டும். சுழற்சியை மாற்றிக்கொள்ளும் எஸ்.பி.ஆரிலும், நீரைத் திருப்பி அனுப்பும் நாணல் படுகையிலும் அது முடியும்.

கசடு பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. டேங்க் நிரம்பினால் லாரி வரும். உறிஞ்சிய கசடு இரவில் ஓடையிலோ உப்பளத்துக்குப் பக்கத்திலோ கொட்டப்படும். தமிழக அரசு 2014-இல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. 2017-இல் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் மாநிலத்தின் முதல் கசடுக் கழிவு மேலாண்மை நிலையம் வந்தது. நாளைக்குச் சுமார் 23,000 லிட்டரை உலர்படுகைகளில் காயவைத்து, வடிநீரைக் குளங்களில் தெளியவிடுகிறது. சுற்றுவட்டாரத்துக்கு ஒன்றாக இப்படி நிலையங்கள் பெருகினால் கடலோர ஊராட்சிகள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரு லாரியும் ஒரு கால அட்டவணையும் வைத்துக்கொள்ள முடியும். நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடுவதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தெருத் தெருவாக வண்டி தானே வர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இப்போதே, பெரிய பணம் இல்லாமல் ஊராட்சிகள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வார்டுக்கு ஐந்து அடிபம்புகளைத் தேர்ந்து நைட்ரேட்டும் கோலிஃபார்மும் குளோரைடும் ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது: ஊற்று இறங்கியிருக்கும் ஏப்ரலில் ஒன்று, மழை பிடித்த அக்டோபரில் ஒன்று. தமிழகத்தில் மே 1-ஆம் தேதியும் நவம்பர் 1-ஆம் தேதியும் கிராமசபை கூடுகிறது. அந்த இரண்டு கூட்டங்களிலும் எந்தத் தெரு, எந்தப் பம்பு, எவ்வளவு என்று முடிவுகளை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மூன்று ஆண்டு எண்கள் கையில் இருந்தால், எந்தத் தெருவுக்கு மூடிய டேங்க் முதலில் வேண்டும், நிலையம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை ஒப்பந்ததாரர் வந்து சொல்வதற்கு முன் ஊரே சொல்லிவிடும்.